ஆடம்பரமும் அன்பும்: ஓவியர் ரெம்பிராண்ட்

கிறிஸ்துமஸ் குடில் போட்டியில் எங்கள் வகுப்புக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை என்பதை இப்பள்ளியில் அறியாதவர் இல்லை. ஆகையால் அதை மறைக்காமல் அங்கிருந்தே தொடங்குகிறோம்.

பதினைந்து நாட்கள் பாடுபட்டு அந்தக் குடிலைக் கட்டினோம். வைக்கோல் கூரையின் மேல் ஜிகினாத் தாள் ஒட்டினோம். பஞ்சை உதிர்த்துப் பனி செய்தோம். முளைவிட்ட கேழ்வரகுத் தட்டுகளைப் புல்வெளியாகப் பரப்பினோம். கண்ணாடித் துண்டு ஒன்று குளமாயிற்று. குளத்தில் ஒரு பிளாஸ்டிக் வாத்தும் மிதந்தது. ஏழு விண்மீன்கள், நான்கு வரிசைச் சீரியல் விளக்குகள், இரண்டு ஒட்டகங்கள், யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை! நடுவராக வந்த சிஸ்டர் அதன் முன் நெடுநேரம் நின்றார்கள். பிறகு, "எல்லாம் இருக்கிறது பிள்ளைகளே, பாலன் எங்கே?" என்று கேட்டார்கள். பாலன் இருந்தார். வாத்துக்குப் பின்னால் இருந்தார்.

எங்கள் ஓவிய ஆசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு கனமான படப் புத்தகத்தைக் கொண்டுவந்து, இரண்டு பக்கங்களில் அடையாளத் தாள் வைத்து, "இந்த இரண்டு படங்களையும் பாருங்கள்" என்றார். இரண்டும் ஒரே காட்சி. லூக்காஸ் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வருகிற முதியவர் சிமியோன், கோவிலில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்துகிறார். பிப்ரவரி 2ஆம் நாள் மெழுகுதிரிகளை மந்திரித்துக் கொடுக்கும் திருநாளில் நாம் நினைவுகூர்வது இந்நிகழ்ச்சியையே. இரண்டு ஓவியங்களையும் தீட்டியவர் ஒருவரே என்று ஆசிரியை சொன்னபோது நாங்கள் நம்பவில்லை.

அந்த ஒருவர்தான் ஹாலந்து நாட்டின் ரெம்பிராண்ட். முதல் ஓவியத்தின் ஆண்டு 1631. அப்போது அவருக்கு ஏறக்குறைய 25 வயது. இரண்டாவது, 1669இல் அவர் இறந்தபோது அவருடைய ஓவியக் கூடத்தில் முடிவுபெறாமல் இருந்தது.

முதல் ஓவியம் இன்று தி ஹேக் நகரில் மொரிட்ஸ்ஹாவுஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அது ஒரு மரப்பலகை. 61 சென்டிமீட்டர் உயரம், 48 சென்டிமீட்டர் அகலம். எங்கள் வகுப்புக் கால அட்டவணை மாட்டியிருக்கும் பலகையைவிடப் பெரிதல்ல. அதற்குள் ஒரு பேராலயமே அடங்கியிருக்கிறது. வானத்தைத் தொடுவதுபோன்ற தூண்கள், வலப்புறம் ஏறிச் செல்லும் படிக்கட்டு, அதில் இருளோடு இருளாக நிற்கும் கூட்டம், முதுகு காட்டிக் கையுயர்த்தி நிற்கும் ஒரு நெடிய உருவம், சிமியோனின் மேலாடையில் மின்னும் பொன் வேலைப்பாடு, அருகே மரியாளும் சூசையும். மேலிருந்து விழும் ஒளி மட்டும் குழந்தையைக் காட்டிக் கொடுக்கிறது. அந்த ஒளி இல்லாவிட்டால் நம் குடிலின் கதைதான்.

ஸ்டாக்ஹோம் நகரில் உள்ள இரண்டாவது ஓவியத்தில் கோவில் இல்லை, தூண் இல்லை, கூட்டம் இல்லை. ஒரு கிழவரும் ஒரு குழந்தையும். பின்னால் நிழலாக ஒரு பெண் நிற்கிறாள். அவளை வேறொருவர் பிற்பாடு சேர்த்திருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. சிமியோனின் கண்கள் பாதி மூடியிருக்கின்றன. வாய் சற்றே திறந்திருக்கிறது. குழந்தை அவருடைய முன்கைகளின் மேல் கிடக்கிறது. கைகளைப் பார்த்தீர்களானால் அவை குழந்தையைப் பிடித்திருக்கவில்லை. விரல்கள் சேர்ந்து, நீண்டு, குழந்தையைத் தாண்டி விறைப்பாக நிற்கின்றன. தம்பி தங்கை பிறந்த வீடுகளில் தாத்தாமார் குழந்தையை முதன்முதல் வாங்கும்போது இப்படித்தான் கையை வைத்துக்கொள்வார்கள். எங்கே நசுங்கிவிடுமோ என்று.

இதைப் பார்த்தவுடன், "வாலிபத்தில் ஆரவாரம், வயோதிகத்தில் அமைதி" என்று எழுதி மார்க்கு வாங்கிவிடலாம் என்றே நினைத்தோம். அது அவ்வளவு எளிதாக இல்லை. ஏனென்று அறிய அவருடைய வாழ்க்கையைச் சிறிது பார்க்க வேண்டும்.

ரெம்பிராண்ட் 1606ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் லெய்டன் நகரில் பிறந்தார். தந்தை மாவு ஆலை நடத்தியவர். தாய் ரொட்டி சுடும் குடும்பத்துப் பெண். லத்தீன் பள்ளியில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்திலும் பெயரைப் பதிந்தார், ஆனால் மனம் ஓவியத்தில் நின்றது. ஆம்ஸ்டர்டாம் சென்று புகழ்பெற்றார். 1634இல் சாஸ்கியா என்னும் நல்ல குடும்பத்துப் பெண்ணை மணந்தார். இதெல்லாம் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் கிடைக்கும்.

கலைக்களஞ்சியம் விரிவாகச் சொல்லாதது, அவர் எவ்வளவு பெரிய ஊதாரி என்பது. ஏலம் என்றால் அவரால் வீட்டில் இருக்க முடியாது. ரோமச் சக்கரவர்த்திகளின் மார்பளவுச் சிலைகள், தலைக்கவசங்கள், வாள்கள், இசைக்கருவிகள், கடற்சிப்பிகள், பவளங்கள், இத்தாலிய ஓவியர் ரஃபேலின் படங்களிலிருந்து அச்சிட்ட தாள்கள் என்று வாங்கிக் குவித்தார். 1639இல் 13,000 கில்டர் விலைக்குப் பெரியதொரு வீட்டைத் தவணையில் வாங்கினார். அதற்கு முந்திய ஆண்டே, சாஸ்கியா தன் பிதுரார்ஜித சொத்தை வீணாக்குகிறாள் என்று உறவினர் சிலர் பேச, ரெம்பிராண்ட் அவர்கள்மேல் மானநஷ்ட வழக்குப் போட்டார். வழக்கு வெல்லவில்லை.

அந்நாளைய ஓவியங்களும் அவர் வீட்டைப் போலவே நிறைந்து வழிகின்றன. 1633இல் தீட்டிய 'கலிலேயாக் கடலில் புயல்' படத்தில் படகு செங்குத்தாக எழுகிறது, பாய் கிழிகிறது, ஒருவர் படகின் விளிம்பில் குனிந்து வாந்தி எடுக்கிறார். படகில் பதினான்கு பேர். இயேசுவும் பன்னிரண்டு சீடரும் போக மிஞ்சும் ஒருவர், ஒரு கையால் கயிற்றையும் மறுகையால் தொப்பியையும் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்ப்பவர், ஓவியரே என்கிறார்கள். (இந்தப் படத்தை நாம் நேரில் காண முடியாது. 1990ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று பாஸ்டன் நகர அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து திருடர்கள் இதை வெட்டி எடுத்துச் சென்றுவிட்டனர். வெறும் சட்டம் மட்டும் அங்கே தொங்குகிறது.) 1636இல் தீட்டிய 'சிம்சோனின் கண்கள் பறிக்கப்படுதல்' இன்னும் மோசம். ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலமான அப்படத்தில் படைவீரன் கண்ணிலேயே கத்தியைப் பாய்ச்சுகிறான். சிம்சோனின் கால்விரல்கள் வலியால் மடங்கிக்கொள்கின்றன. எங்களில் இருவர் அந்தப் பக்கத்தைப் பார்க்க மறுத்துவிட்டனர்.

ஆனால் அதே ஆண்டுகளில் அவர் வேறொன்றும் செய்துகொண்டிருந்தார். மாலை வேளைகளிலோ, வேலைக்கு நடுவிலோ, கையில் கிடைத்த தாளில், விற்பதற்கென்று அல்லாமல் வரைந்த சிறிய கோட்டுச்சித்திரங்கள் அவை. நோயுற்றுப் படுக்கையில் கிடக்கும் சாஸ்கியாவைத் திரும்பத் திரும்ப வரைந்தார். செஞ்சுண்ணத்தால் வரைந்த ஒரு படத்தில் இரண்டு பெண்கள் ஒரு குழந்தைக்கு நடை பழக்குகிறார்கள். ஒருத்தி இளையவள், மற்றவள் குனிந்த முதியவள். சிம்சோனின் கண்ணைத் தீட்டிய அதே கைதான் இதையும் வரைந்தது, அதே காலத்தில். ஆகவே ஆரவாரம் முதலில், அமைதி பிறகு என்பது சரியல்ல. இரண்டும் அவரிடம் ஆரம்பமுதலே இருந்தன. ஆனால் தனித்தனி அறைகளில் இருந்தன. கூடத்தில் ஆடம்பரம், உள்ளறையில் அன்பு.

எப்போது அவை ஒரே படத்தில் சந்தித்தன என்பதே எங்களுக்குச் சுவையாகத் தோன்றிய கேள்வி.

சாஸ்கியாவுக்குப் பிறந்த நான்கு குழந்தைகளில் முதல் மூன்றும் சில வாரங்களிலேயே மரித்தன. நான்காவதாக 1641இல் பிறந்த டைட்டஸ் என்ற மகன் மட்டும் பிழைத்தான். அடுத்த ஆண்டு ஜூனில் சாஸ்கியா மரணமடைந்தார், வயது 29. அதே 1642இல்தான் எல்லாரும் அறிந்த 'இரவுக் காவல்' நிறைவுபெற்றது. ஊர்க்காவல் படையினர் தங்களை வரிசையாக நிறுத்தி ஒரு குரூப் போட்டோ மாதிரி வரைவார் என்று எதிர்பார்த்துப் பணம் கொடுத்தனர். அவரோ ஈட்டியும் கொடியும் முரசும் நாயுமாக ஒரு திருவிழாக் கூட்டத்தையே தீட்டிவிட்டார். கூட்டத்தின் நடுவே, காரணமே சொல்லாமல், பொன்னிற உடையில் இடுப்பில் ஒரு கோழியைத் தொங்கவிட்டபடி ஒரு சிறுமி. அப்படத்தைப்பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டதால் நாங்கள் இங்கே நிற்கப்போவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுதலாமா என்று தயங்கி, மலர்க் குழுவின் சிஸ்டரிடம் கேட்டோம். "உண்மையானால் எழுதுங்கள், ஆனால் சுருக்கமாக எழுதுங்கள்" என்றார்கள். தாயில்லாக் குழந்தையான டைட்டஸை வளர்த்த கேர்ட்யே என்னும் பெண்மணிக்கு ரெம்பிராண்ட் திருமண வாக்குக் கொடுத்ததாக வழக்கு எழுந்தது. ஆண்டுக்கு 200 கில்டர் அவளுக்குத் தர வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. 1650இல் அவள் கௌடா நகரின் சீர்திருத்த இல்லத்தில் அடைக்கப்பட்டாள். அதற்கு ரெம்பிராண்ட் துணைநின்றார். ஐந்தாண்டு அவள் அங்கே கிடந்தாள். கைகளின் கனிவை அவரைப்போல் தீட்டியவர் இல்லை என்று சொல்ல வந்த எங்களுக்கு இது தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதை அப்படியே விட்டுவிடுகிறோம்.

நாங்கள் தேடிய சந்திப்பு ஒரு செப்புத் தகட்டில் நிகழ்ந்தது. ரெம்பிராண்ட் ஓவியர் மட்டுமல்லர், செதுக்கோவியத்திலும் கைதேர்ந்தவர். செப்புத் தகட்டின் மேல் மெழுகு போன்ற பூச்சைத் தடவி, ஊசியால் அதன்மேல் வரைவார்கள். ஊசி போன இடமெல்லாம் பூச்சு நீங்கிச் செம்பு தெரியும். தகட்டை அமிலத்தில் இட்டால் அந்தக் கோடுகளை மட்டும் அமிலம் அரித்துப் பள்ளமாக்கும். பிறகு பூச்சை நீக்கி, மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து அழுத்தினால் பள்ளத்தில் நின்ற மை தாளில் ஏறும். கண்ணாடியில் பார்ப்பதுபோல் படம் இடவலம் மாறி விழும். 1650இல் தம்மிடமிருந்த ஒரு சிப்பியை இப்படிச் செதுக்கியபோது ரெம்பிராண்ட் தம் கையெழுத்தை மாற்றி எழுத நினைவு வைத்திருந்தார், சிப்பியின் சுழியை மாற்ற மறந்துவிட்டார். ஆகவே அச்சில் அது இயற்கையில் இல்லாத பக்கம் சுழித்திருக்கிறது. வலம்புரி, இடம்புரி என்று சங்கைத் திருப்பிப் பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் உடனே கண்டுபிடித்திருப்பார்கள்!

சுமார் 1648இல் முடித்த ஒரு செதுக்கோவியத்துக்கு 'நூறு கில்டர் அச்சு' என்று பெயர். அது அவ்வளவு விலை போனதாகச் சொல்லப்பட்டதால் வந்த பெயர். மத்தேயு நற்செய்தியின் 19ஆம் அதிகாரம் முழுவதையும் ஒரே காட்சியாக்கியிருக்கிறார். வலப்புறம் நள்ளிரவுபோன்ற கருமை. கோட்டின்மேல் கோடாகக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து இழுத்து இருட்டைக் கட்டியிருக்கிறார். அந்த இருட்டிலிருந்து நோயாளிகள், முடவர், தள்ளுவண்டியில் கிடத்தப்பட்டவர் எல்லாரும் இயேசுவை நோக்கி வருகிறார்கள். இடப்புறம் வாதாடும் பெரியவர்கள். அவர்களை மெல்லிய வெறுங்கோட்டால் வரைந்து, தாளை ஏறக்குறைய வெண்மையாகவே விட்டுவிட்டார். நடுவில் இயேசு. குழந்தையோடு வரும் தாயை ஒரு சீடர் கையால் தடுக்க, இயேசு அவளை வரவேற்கிறார். செல்வந்தனான வாலிபன் முகத்தில் கைவைத்து யோசனையில் உட்கார்ந்திருக்கிறான். எங்களுக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறு நிழல். மன்றாடிக் கூப்பிய இரு கைகளின் நிழல் இயேசுவின் அங்கியில் விழுகிறது. கைகள் அவரைத் தொடவில்லை. நிழல் தொட்டுவிட்டது.

இங்கே அளவுகடந்த உழைப்பும் இருக்கிறது, அளவான விடுதலும் இருக்கிறது. ஒரே தகட்டில்.

1656இல் கடன் தலைக்குமேல் போயிற்று. ரெம்பிராண்ட் திவால் அறிவித்தார். அதிகாரிகள் வீட்டுக்கு வந்து அறை அறையாகச் சாமான்களைக் குறித்தனர். அந்தப் பட்டியலில் 363 இனங்கள். சிலைகளும் கவசங்களும் சிப்பிகளும் ஏலத்தில் போயின. 13,000 கில்டர் வீடு 1658இல் 11,218 கில்டருக்கு விலைபோயிற்று. அவர் வாடகை வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். அந்தப் பெரிய வீடு 1911 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

இந்த இடர்ப்பாட்டுக் காலத்தை ஒட்டி அவர் செய்த ஒரு காரியம் நமக்கு நெருக்கமானது. முகலாயச் சிற்றோவியங்கள் சில அவர் கைக்கு வந்தன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் இந்தியாவுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போய்வந்த காலம் அது. நம் பழவேற்காட்டில் 1613இலேயே அவர்கள் கோட்டை கட்டிவிட்டார்கள். ரெம்பிராண்ட் ஷாஜகானையும் அரசவையினரையும் கீழ்நாட்டுத் தாளில் நகலெடுத்தார். அப்படிப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட நகல்கள் இன்றும் உள்ளன. பொன்னும் மாணிக்கமுமாக மின்னும் சிற்றோவியங்களை, பொன்னையே தேடி வாங்கிய மனிதர், பழுப்பு மையின் சில கோடுகளால் வரைந்து வைத்தார். அவற்றுள் ஒன்றில் மரத்தடியில் நான்கு இஸ்லாமியப் பெரியவர்கள் பாய்விரித்து உட்கார்ந்து கோப்பையில் பருகுகிறார்கள். அதைக்கொண்டே 1656இல், ஆபிரகாம் வானதூதர்களை உபசரிக்கும் செதுக்கோவியத்தை அமைத்தார். ஐரோப்பிய ஓவியர் ஒருவர் வானதூதர்களை நாற்காலியில் அமர்த்தாமல் தரையில் அமர்த்தியது நம் நாட்டுச் சித்திரத்தைப் பார்த்துத்தான் என்பதில் எங்களுக்குச் சிறிது பெருமை.

அக்காலத்துக் கோட்டுச்சித்திரம் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மறுபடியும் நடை பழகும் குழந்தை! தாயும் மூத்த சகோதரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்க, எதிரே தந்தை குத்துக்காலிட்டுக் கைகளை நீட்டி அழைக்கிறார். பின்னால் பால்காரப் பெண் நிறைந்த வாளியோடு கடந்து போகிறாள். ஒருவருக்கும் முகம் என்று சொல்லும்படி எதுவும் வரையவில்லை. ஆயினும் தாயின் கவலையும் சகோதரியின் கவனமும் தெரிகின்றன. வாளியின் கனம்கூட, அதைத் தூக்காத கையின் நீட்டத்தில் தெரிகிறது. ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி, இதைவிடச் சிறந்த கோட்டுச்சித்திரம் உலகில் இல்லை என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். இதை வரைய ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா என்று ஒரு தோழி கேட்டாள். இருபது ஆண்டு ஆகியிருக்கும் என்றார் ஆசிரியை. முந்திய செஞ்சுண்ணப் படத்தை நினைத்துச் சொன்னார்.

அப்படியானால் ஏலத்தோடு அவருடைய ஆடம்பரமும் போய்விட்டதா? இல்லை என்பதே எங்கள் கட்டுரையின் சாரம். வீட்டை விட்டுப் போன ஆடம்பரம் வண்ணத்தில் தங்கிக்கொண்டது. நிழலான இடங்களில் அவர் வண்ணத்தை மெல்லியதாகவே பூசினார். ஒளி விழும் இடங்களில் மட்டும் ஈயத்திலிருந்து செய்த வெள்ளைச் சாயத்தை எண்ணெயோடு குழைத்து, தூரிகையாலும் தகட்டுக் கத்தியாலும் மேடாக அப்பினார். அந்த மேடுகள் அறையிலுள்ள உண்மையான வெளிச்சத்தைப் பிடித்து மின்னும். அதாவது வரைந்த ஒளியோடு வந்த ஒளியும் சேர்ந்துகொள்ளும். ஹூப்ராக்கன் என்பவர் 1718இல் வெளியான தம் நூலில் கேலியாக எழுதினார்: ரெம்பிராண்ட் தீட்டிய ஒரு முகச்சித்திரத்தில் வண்ணம் அவ்வளவு கனமாம், மூக்கைப் பிடித்தே படத்தைத் தரையிலிருந்து தூக்கிவிடலாமாம்! யாராவது கிட்டே வந்து உற்றுப் பார்த்தால், வண்ணத்தின் வாடை உங்களுக்கு ஆகாது என்று பின்னால் இழுத்துவிடுவாராம்.

வெறும் சிக்கனத்தை அவர் கற்றிருந்தால் நல்ல அடக்கமான ஓவியர் ஒருவர் கிடைத்திருப்பார். அவர் கற்றது எங்கே கொட்டுவது, எங்கே கையைக் கட்டுவது என்பதை. 1655இல் தீட்டிய 'மேசையருகே டைட்டஸ்' படத்தைப் பாருங்கள். பையனுக்கு வயது பதினான்கு, எங்களைவிட ஒன்று குறைவு. கட்டைவிரலை மோவாயில் ஊன்றி, பேனாவைப் பிடித்தபடி, எழுதாமல் எங்கோ பார்க்கிறான். பரீட்சைக் கூடத்தில் நம்மில் பலர் பார்க்கும் அதே பார்வை. படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் வெறும் மேசைப் பலகை. அந்தப் பலகையில்தான் வண்ணத்தை வழித்து அப்பி, சுரண்டி, கீறி விளையாடியிருக்கிறார். பையன் முகத்தில் அந்த விளையாட்டு இல்லை. அங்கே தூரிகை குழந்தையைத் தூங்க வைக்கிறவள் நடப்பதுபோல் நடந்திருக்கிறது.

ஆம்ஸ்டர்டாம் ரிக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள 'யூத மணமகள்' இன்னும் தெளிவாகக் காட்டும். அது ரெம்பிராண்ட் வைத்த பெயரன்று. ஈசாக்கும் ரெபேக்காவுமே அவ்விருவர் என்று கருதுகிறார்கள். 1665க்குப் பின் தீட்டியது. ஆணின் சட்டைக்கையில் பொன்னிற வண்ணம் மேடும் பள்ளமுமாக, அடை சுட்டு எடுத்ததுபோல் மொறுமொறுப்பாக நிற்கிறது. பெண்ணின் பாவாடையின் சிவப்பு அடுப்புத் தணல். இவ்வளவு பகட்டான உடையை அவர் தம் செல்வ நாட்களில்கூடத் தீட்டியதில்லை. ஆனால் அத்தனை பொன்னும் போய் முடிகிற இடம் நான்கு கைகள். கணவன் தன் வலக்கையை மனைவியின் மார்பின்மேல் மெதுவாக வைத்திருக்கிறான். அவள் விரல்நுனிகள் அந்தக் கையை லேசாகத் தொடுகின்றன. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. 1885இல் இப்படத்தின் முன் அமர்ந்த வின்சென்ட் வான்கா, காய்ந்த ரொட்டித் துண்டோடு இங்கேயே பதினான்கு நாள் உட்கார முடிந்தால் ஆயுளில் பத்து வருடம் கொடுக்கலாம் என்ற பொருளில் சொன்னாராம். சட்டைக்கை அவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்வதால்தான் அந்த விரல்களின் மெத்தென்ற தொடுதல் நமக்குக் கேட்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். தொடுதல் எப்படிக் கேட்கும் என்று தமிழம்மா கேட்பார்கள். அது அப்படித்தான் இருக்கிறது.

இனி ஊதாரி மைந்தன். சுமார் 1635இல், செல்வம் கொழித்த நாளில், ரெம்பிராண்ட் தம்மையே அந்த மைந்தனாகத் தீட்டிக்கொண்டார். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் அப்படம் உள்ளது. இறகு வைத்த தொப்பி, இடுப்பில் வாள், மேசையில் மயில் அலங்கரித்த பலகாரம், தூக்கிய கையில் நீண்ட மதுக்கோப்பை, மடியில் மனைவி சாஸ்கியா. வாயெல்லாம் சிரிப்பு. உவமையின் முதற்பாதி அது. மறுபாதியைத் தீட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வாழ்நாளின் கடைசி ஆண்டுகளில் தீட்டிய 'ஊதாரி மைந்தன் திரும்பி வருதல்' ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 262 சென்டிமீட்டர். நம் வகுப்பறைக் கதவைவிட உயரம்.

இதன் நகலை மறைக்கல்வி அறையில் நாமெல்லாரும் ஐந்தாம் வகுப்பு முதல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். பார்த்தோமே தவிர, மகனின் காலைக் கவனித்ததில்லை. ஒரு செருப்பு கழன்று விழுந்து உள்ளங்கால் தெரிகிறது. மற்றதன் அடி தேய்ந்து போயிருக்கிறது. தலை மொட்டை. முகத்தைத் தகப்பனின் மார்பில் புதைத்துக்கொண்டதால் நமக்குக் காட்டுவதே இல்லை. சிரித்த முகத்தோடு கோப்பையைத் தூக்கிய ஊதாரி இங்கே வெறும் முதுகும் பாதமுமாக இருக்கிறான். ஆடம்பரம் எங்கே என்று தேடினால், அது தகப்பனின் தோளில் இருக்கிறது. பெரிய சிவப்புப் போர்வை. படத்திலேயே செழுமையான வண்ணம் அதற்குத்தான். அதன் கீழிருந்து இரண்டு கைகள் வந்து கிழிந்த சட்டையின்மேல் படிகின்றன. ஒரு கை அகலமாகவும் உறுதியாகவும், மற்றது மெலிந்தும் மென்மையாகவும் இருப்பதாகப் பலர் கூறுவர். ஒன்று தகப்பன் கை, ஒன்று தாயின் கை என்று அதற்குப் பொருள் சொல்பவர்களும் உண்டு. எங்களுக்கு அந்த வித்தியாசம் முதலில் தெரியவில்லை. சொன்ன பிறகு அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

1663இல் அவருக்குத் துணையாயிருந்த ஹெண்ட்ரிக்கே இறந்தார். 1668இல், மணமாகி ஓராண்டுகூட ஆகாத டைட்டஸ் இறந்தான். 1669 அக்டோபர் 4ஆம் நாள் ரெம்பிராண்ட் காலமானார். வெஸ்டர் தேவாலயத்தில் வாடகைக் குழியில் அடக்கம் செய்தார்கள். இடம் இன்னதென்று அடையாளம் இல்லை. மூன்று குழந்தைகளைத் தொட்டிலிலும் ஒரு மகனை இருபத்தேழாம் வயதுக்குள்ளும் இழந்த அந்த முதியவரின் கூடத்தில் கடைசியாக நின்றிருந்தது, பிடிக்கத் தெரியாத கைகளில் ஒரு சிசுவை ஏந்திய சிமியோன்.

புத்தகத்தை மூடுமுன் ஆசிரியை வகுப்பில் வாக்கெடுத்தார். 1631 சிமியோனா, 1669 சிமியோனா? கடைசிப் படமே வெல்லும் என்று எதிர்பார்த்திருப்பார் போலும். எங்கள் வகுப்பில் 44 பேர். தூண்களும் படிக்கட்டும் பொன் அங்கியும் உள்ள முதற்படத்துக்கு 25 கைகள் உயர்ந்தன. கடைசிப் படத்துக்குப் பதினெட்டு. குளத்தில் வாத்து வைத்த தோழி மட்டும் இரண்டு தடவையும் கையைத் தூக்கினாள். ஆசிரியை அதைச் செல்லாத வாக்கு என்று தள்ளிவிட்டார். அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.